தீ அணைந்த காட்டில் நான்காம் நாள் எழுந்த புகை: வேர்க்கனலை அணைப்பது எப்படி?

கேள்வி:
பழனி மலையின் கீழ்ச்சரிவில் உள்ள எங்கள் காப்பித் தோட்டத்தை ஒட்டிய காட்டில் சென்ற வாரம் பிடித்த தீயைப் பச்சைத் தழைகளால் அடித்து அணைத்தோம். நான்காம் நாள் நண்பகலில் காற்று எழுந்ததும், தீத்தடுப்புக் கோட்டைத் தாண்டி எங்கள் பக்கத்துத் தரையிலிருந்து புகை கிளம்பியது. கங்கு பறந்து வந்திருக்க வழியில்லை. இது எப்படி நேர்ந்தது? தண்ணீர் கொண்டுபோக முடியாத சரிவில் மிச்சக் கனலை எப்படி அணைப்பது?

பதில் 1:
பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டையில் பிடித்த தீ, வேர் வழியே மண்ணுக்குள் இறங்கிச் சுடரில்லாமல் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். கோடு போடும்போது சருகை மட்டும் ஒதுக்கிவிட்டு வேர்களை வெட்டாமல் விட்டிருந்தால், அவற்றின் வழியே தீ மறுபக்கம் வந்துவிடும். லாஸ் ஏஞ்சலஸில் 2025 ஜனவரி 1 அன்று ஏறத்தாழ 8 ஏக்கரில் எரிந்து அணைக்கப்பட்ட தீதான் வேர்களில் கனன்றிருந்து, ஜனவரி 7 அன்று பலத்த காற்றில் பாலிசேட்ஸ் பெருந்தீயாக எழுந்தது என்று அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வாளர்கள் கூறினர். அதில் 12 பேர் இறந்தனர். 6,800-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

பதில் 2:
சில கோடைகள் தீக்காவலராக வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வெயில் ஏறுமுன் போங்கள்; குளிர்ந்த காற்றில் மெல்லிய புகையும் கண்ணுக்குத் தெரியும். கோட்டின் ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி வாருங்கள். கையுறையைக் கழற்றிப் புறங்கையைச் சாம்பலுக்குச் சற்று மேலே பிடித்து, வெப்பம் தெரியாவிட்டால் மட்டும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சூடு இருந்தால் கடப்பாறையால் தோண்டி, வேரை வெட்டி வெளியே எடுத்து, கரிந்த பகுதியை அரிவாளால் செதுக்கி, சருகு கலவாத அடிமண்ணோடு தணல் ஆறும்வரை கிளறுங்கள். கட்டைமேல் மண்ணை மூடிவிட்டுப் போவதுதான் பலரும் செய்யும் தவறு. உள்ளே சூடு அப்படியே நிற்கும். குடத்துத் தண்ணீரை மேலே ஊற்றினாலும் சாம்பல் பொருக்குத் தட்டுமே தவிர அடிக்கனல் அணையாது. உருளக்கூடிய கட்டைகளைக் குறுக்கே கிடக்க விடாமல், சரிவின் மேல்கீழ் வாக்கில் திருப்பிப் போடுங்கள்.

பதில் 3:
தனியாகப் போகாதீர்கள். வேர் எரிந்த இடத்தில் மேல்மண் உறுதியாகத் தோன்றினாலும், கால் வைத்தால் முழங்கால்வரை தணல் குழிக்குள் இறங்கிவிடும். கோலால் தட்டிப் பார்த்துதான் நடக்க வேண்டும். அடி கருகி நிற்கும் மரங்கள் காற்றில்லாமலே சாயக்கூடும் என்பதால் அவற்றின் கீழே நிற்க வேண்டாம். வனத்துறைக்குத் தகவல் சொல்லி, காவலர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கேட்டவர்:
நன்றி. இன்று காலை காவலரோடு நாங்கள் நால்வர் போனோம். கோட்டுக்கு அடியில் ஒரு சாண் ஆழத்தில், மணிக்கட்டுப் பருமனுள்ள வேர் ஒன்று உள்ளே சிவந்து கிடந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி, காய்ந்த யானை லத்தி ஒன்று வறட்டியைப் போலப் புகைந்துகொண்டிருந்தது; அதையும் உடைத்து மண்ணோடு கலந்தோம். நாளைக் காலையும் போகிறோம்.