கோலிஃபார்ம் இருக்கிறது, ஈ.கோலி இல்லை: குளோரினைக் கூட்டினால் போதுமா?

வால்வுசாவி:
எழுபது வீடுகளுக்குத் தண்ணீர் விடும் சின்ன அமைப்பைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரே போர்வெல், ஒரு மேல்நிலைத் தொட்டி, ஹைப்போ (குளோரின் தரும்) கரைசல் போட ஒரு சின்ன பம்ப். இந்த மாத அறிக்கையில் மொத்தக் கோலிஃபார்ம் (மண்ணிலும் மலத்திலும் இருக்கும் பாக்டீரியாக் கூட்டம்) ‘உள்ளது’, ஈ.கோலி (அதில் மலக் கலப்பைக் காட்டும் வகை) ‘இல்லை’ என்று வந்திருக்கிறது. மாதிரி எடுத்தது லைனின் கடைசி வீட்டுக் குழாயில். அதற்கு முன் நல்ல மழை.

குழுத் தலைவர் சொல்வது இதுதான்: “ராத்திரி குளோரினை ரெண்டு மடங்கு போட்டுவிட்டு நாளைக்கு மறுபடி எடு. சுத்தம் என்று வந்துவிடும், ஃபைலில் வைத்துவிடலாம்.” எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எல்லாரையும் இப்போதே கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்ல வேண்டுமா? மறு மாதிரி எங்கெங்கே எடுப்பது?

ஆய்வகத்து ஆள்:
ஒப்பாமல் இருப்பதுதான் நியாயம். குளோரினைக் கொட்டிவிட்டு எடுக்கிற மாதிரியில் நேற்று ராத்திரி கொட்டிய குளோரின்தான் தெரியும், ஓட்டை எங்கே என்பது தெரியாது. பம்ப் நின்று கிடந்தால் மட்டும் உடனே வழக்கமான அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

அமெரிக்க விதிப்படி, தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் மூன்று மறு மாதிரிகள்: அதே குழாய், அதற்கு மேல்பக்கம் (தண்ணீர் வரும் திசையில்) ஐந்து இணைப்புகளுக்குள் ஒன்று, கீழ்ப்பக்கம் ஐந்துக்குள் ஒன்று. உங்களுடையது கடைசி வீடு என்பதால் மேல்பக்கமே இரண்டு எடுங்கள். கூடவே குளோரின் சேரும் முன், போரிலிருந்து நேராக ஒன்று. அதை விட்டுவிடாதீர்கள். போர்த் தண்ணீரிலேயே வந்தால் கிணற்றுக்குள் மேல்நீர் இறங்குகிறது: மூடி, கேசிங் (கிணற்றுக்குள் இறக்கிய குழாய்), சுற்றியுள்ள சிமென்ட் மேடை மூன்றையும் பாருங்கள். போர் சுத்தம், குழாய்களிலெல்லாம் வருகிறது என்றால் தொட்டி அல்லது லைன். அந்த ஒரு குழாயில் மட்டும் என்றால் குழாய் வாயோ, மாதிரி எடுத்தவர் கையோ.

மாதிரி பாட்டிலுக்குள் இருக்கும் தூள் அழுக்கு என்று நினைத்துக் கழுவிக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது தயோசல்பேட், குளோரினைச் செயலிழக்கச் செய்ய வைத்தது. கழுவாதீர்கள். விளிம்புவரை நிரப்பாதீர்கள், ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள்.

கொதிக்கவைப்பது பற்றி: உங்களுக்குப் பொருந்தும் விதி என்ன சொல்கிறதோ அதுதான் முதலில். பொதுவாக ஈ.கோலி இல்லாத ஒற்றை முடிவுக்கு அவசர அறிவிப்பு கேட்பதில்லை. ஈ.கோலி வந்தால் மறு மாதிரிக்குக் காத்திருக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஹைப்போ_தாத்தா:
தம்பி, அந்தக் கடைசி வீட்டில் எஞ்சிய குளோரின் எவ்வளவு? அதைச் சொல்லவே இல்லையே! உலக சுகாதார நிறுவனம் சொல்வது: பிஹெச் 8-க்குக் கீழே, 30 நிமிடத் தொடர்புக்குப் பின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது இருக்கணும், வீட்டுக் குழாயில் 0.2-க்குக் குறையக் கூடாது. ஹைப்போ வெயிலிலும் சூட்டிலும் வீரியம் இழக்கும், அதனால் பம்ப் ஓடுகிறது என்பது மட்டும் போதாது. தண்ணீரில் இரும்போ அம்மோனியாவோ இருந்தால் அதுவும் குளோரினைத் தின்றுவிடும். டிபிடி மாத்திரை (குளோரின் இருந்தால் நிறம் காட்டும்) போட்டு அளந்து, வந்த எண்ணை எழுது.

பழைய_நோட்டு:
தலைவரிடம் கனடாவின் வாக்கர்டன் ஊரில் நடந்த கதையைச் சொல்லுங்கள். மே 2000. கனமழை, ஆழமில்லாத ஒரு கிணறு, பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாணம். 7 பேர் இறந்தார்கள், 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். கிணற்றைப் பார்த்துக்கொண்டவர்கள் குளோரினை அளக்காமலே நோட்டில் 0.5, 0.75 என்று எழுதிவந்தது விசாரணையில் தெரிந்தது. கெட்ட முடிவு வந்ததையும் சுகாதார அலுவலகத்திடம் மறைத்தார்கள். ஃபைலுக்காக எடுக்கும் சோதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்று. நைட்ரேட் அறிக்கையும் கையில் இருந்தால் அலகைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு நைட்ரேட்டாகச் சொன்னால் லிட்டருக்கு 50 மில்லிகிராம், நைட்ரஜனாகச் சொன்னால் சுமார் 11. கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி ஏறும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது முக்கியம்.

வால்வுசாவி:
எல்லாருக்கும் நன்றி. கடைசி வீட்டில் குளோரின் 0.1. மறு மாதிரிகள் நான்கும் போய்விட்டன. போர் மாதிரியில் எதுவும் இல்லை, குழாய் முடிவுகள் இன்னும் வரவில்லை. தொட்டி மேல் ஏறிப் பார்த்தேன்: வழிந்தோடும் குழாயின் வலை கிழிந்திருக்கிறது, உள்ளே பறவை இறகு. வாக்கர்டன் கதையைக் கேட்டதும் தலைவர் ஒன்றும் பேசவில்லை, புது வலைக்கு மட்டும் சரி என்றார். தொட்டியை இன்றே கழுவிவிடலாமா?

ஆய்வகத்து ஆள்:
கழுவலாம். முதலில் தொட்டித் தண்ணீரில் ஒரு மாதிரி எடுத்துவிடுங்கள், வலையையும் இறகையும் தேதியோடு படம் பிடித்து வையுங்கள். கழுவி, குளோரின் ஏற்றி, அந்தத் தண்ணீரை வெளியேற்றி, குளோரின் வழக்கமான அளவுக்கு வந்த பிறகு கடைசி வீட்டில் மறுபடி எடுங்கள். 0.1-க்குக் காரணம் தொட்டிதானா, ஹைப்போ பழசா என்பதைத் தனியாகப் பார்க்கணும்.