‘என்று’ உதிர்ந்த கூற்றுக்கு ஒரு பெயர்

மொரீசியசின் மோக்காவிலிருந்து:

அன்புடையீர், வணக்கம். மேல்வகுப்பு மாணவர்க்கான சிறுகதைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கதைசொல்லியின் நடைக்குள் பாத்திரத்தின் மனக்குரல் அறிவிப்பின்றி நுழையும் உத்திக்குத் தமிழ்ப்பெயர் வேண்டும். 1912இல் மொழியியலாளர் சார்ல் பாயி இட்ட ‘ஸ்தில் ஆந்திரெக்த் லிப்ர்’ என்ற பெயரை நம் மாணவர் பிரெஞ்சு வகுப்பில் கேட்டிருப்பர். ‘கட்டற்ற அயற்கூற்று’ என எழுதிவைத்தேன், மனம் ஒப்பவில்லை.

கத்ர் போர்னிலிருந்து:

அம்மையீர், ‘கட்டற்ற’ என்னும் அடை பிரெஞ்சுக்குப் பொருந்தும். அங்கே முதன்மை வாக்கியத்தைச் சார்ந்து நின்ற துணை வாக்கியம் விடுதலை பெறுகிறது. நமக்கோ கூற்றைத் தாங்குவன ‘என்று’ என்னும் எச்சமும் ‘ஆக’ என்னும் ஈறும். அவை உதிர்ந்தால்தான் இவ்வுத்தி பிறக்கிறது. ‘அவள் பானையைக் கவிழ்த்து வைத்தாள். நாளைக்கு என்ன செய்வது? கடைக்காரன் இனியும் கடன் கொடுப்பானா?’ என்பதில் ‘நாளைக்கு’ அவளுடைய நாளை. ஆனால் ‘செய்வது’ என்னும் தொழிற்பெயர் செய்பவர் யாரெனக் காட்டாமையால், கேட்பவள் அவளா, கேட்பவர் கதைசொல்லியா என்று பிரிக்க இயலாது. பிரெஞ்சு, காலத்தையும் தன்மை, படர்க்கை என்னும் இடத்தையும் மாற்றி அடைவதைத் தமிழ் இடத்தையே மறைத்து அடைகிறது.

ஆகவே ‘தோய்கூற்று’ என்கிறேன். வினைத்தொகையாதலின் காலமும் கரந்து நிற்கும். சங்கப் பாட்டின் ‘வான்தோய்’ மலை வானைத் தொடுகிறது, ஆயினும் மலையாகவே நிற்கிறது. பாத்திரத்தின் குரலும் அவ்வாறே கதைசொல்லியின் நடையைத் தொட்டும் தானாகவே நிற்கிறது.

போர்ட் லூயியிலிருந்து:

ஐயாவின் இலக்கணம் சரி, பெயர்தான் உதவாது. வீட்டில் கிரியோல் பேசிவிட்டு வகுப்பில் மட்டும் தமிழைச் சந்திக்கும் பிள்ளை, ‘தோய்’ என்பதற்கு அகராதியைப் புரட்டினால் துணி துவைப்பதையும் பால் உறைவதையும் காண்பான். ‘கூற்று’ என்பதே அவனுக்கு ஐயம் தரும். கோயிலில் அவன் பாடும் அப்பர் பதிகம் எமனைக் குறிக்கும் அச்சொல்லோடுதான் தொடங்குகிறது. ‘கலப்புக் குரல்’ என்றால் கேட்டவுடன் விளங்கும்.

கத்ர் போர்னிலிருந்து:

தலைவி கூற்று, தோழி கூற்று, கண்டோர் கூற்று என்று அகத்துறைகளைக் கற்பிப்பவர்கள் எமனுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ‘கலப்பு’ என்றால், 1934இல் மணிக்கொடியில் வந்த ‘பொன்னகரம்’ கதையின் முடிவில் புதுமைப்பித்தன் வாசகரை நோக்கி நேரே பேசுவதையும் மாணவர் அதிலேயே அடக்குவர். அங்கே குரல் ஒன்றுதான், கலப்பே இல்லை.

மோக்காவிலிருந்து:

தனிமடலில் எழுதியவருள் பெரும்பாலோர் ‘கலப்புக் குரல்’ போதும் என்கின்றனர். அச்சகம் காத்திருக்கிறது, அதையே இடுகிறேன். ‘தோய்கூற்று’ அடைப்புக்குறிக்குள் வரும்.

கத்ர் போர்னிலிருந்து:

அடைப்புக்குறிக்குள் இடுவதானால் விட்டுவிடுங்கள். ஆனால் பானை எடுத்துக்காட்டையாவது கையேட்டில் சேருங்கள். பெயர் தவறினாலும் மாணவர் உத்தியை அறிந்துகொள்வர்.