மறு: இண்டர்கலேஷனுக்குத் தமிழ் என்ன? – ‘ஊடேற்றம்’ சரிப்படுமா

எல்லாருக்கும் வணக்கம்.

மூன்று நாளாகப் பதில் போட முடியவில்லை. தக்கலைப் பக்கம் விடாத மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது, கடைசியில் இன்வெர்ட்டரும் கையை விரித்துவிட்டது. மின்கலச் சொல் பற்றிய மடல் மின்கலம் செத்துப்போனதால் தாமதம் என்றால் நம்புவீர்களோ என்னவோ.

ஒரு பொருளின் உள்ளிடுக்குகளுக்குள் வேறொரு பொருள் போய் உட்காருவதுதான் இண்டர்கலேஷன். நம் கையேட்டில் அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டேன். கடைசியில் என் பங்குக்கு ஒரு சொல் வைக்கிறேன். அதற்கு முன் குலசேகரம் டீச்சரின் கேள்வி. அதைத் தாண்டி எல்லாரும் போய்விட்டோம் என்று தோன்றுகிறது.

> லித்தியம் கிராஃபைட்டுக்குள் போவதற்கும், புற்றுநோய் மருந்து டி.என்.ஏ.வுக்குள் போவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். நமக்கும் ஒரே சொல் போதுமா, இரண்டு வேண்டுமா?

ஒன்றே போதும் டீச்சர். இரண்டும் ஒரே வேலை. சொல்லப்போனால் இடுக்கின் அளவுகூட ஏறக்குறைய ஒன்றுதான்.

கிராஃபைட் என்பது பென்சிலுக்குள் இருக்கும் அதே கரி. கார்பன் அணுக்கள் அறுகோண வலையாகப் பின்னிய தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. தாளுக்கும் தாளுக்கும் 0.335 நானோமீட்டர். போன் மின்கலத்தின் ஒரு முனையில் இருப்பது இதுதான். போனைச் சார்ஜில் போட்டதும் லித்தியம் அயனிகள் அந்த இடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கில் நிறையும்போது இடைவெளி 0.37 வரை விரிகிறது, பத்தில் ஒரு பங்கு. தாள் கிழிவதில்லை. சார்ஜ் இறங்கும்போது லித்தியம் வெளியேறிவிடும், இடைவெளியும் பழையபடி சுருங்கும். கண்ணாடிச் சன்னல் வைத்த சோதனைக் கலத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கருத்த கிராஃபைட் முதலில் நீலம் பாய்ந்து, பாதி நிறையும்போது சிவந்து, முழுக்க நிறைந்ததும் பொன்னிறமாகிவிடும். நான் வீடியோவில்தான் பார்த்தேன். வடசேரிக் கோயில் நகையின் நிறம் அது.

இனி டி.என்.ஏ. முறுக்கிய ஏணி என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே 0.34 நானோமீட்டர். தட்டையான வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் அதற்குமேல் நெருங்காது, அதனால்தான் இரண்டு இடத்திலும் இந்த ஒற்றுமை. டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தின் மூலக்கூறிலும் ஒரு தட்டைப் பகுதி இருக்கிறது. அது இரண்டு படிகளுக்கு நடுவே நுழைந்துகொள்ளும். அந்த இடத்தில் இடைவெளி ஏறக்குறைய இரட்டிப்பாகி, ஏணியின் முறுக்குத் தளர்கிறது. முறுக்கைச் சரிசெய்ய டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் நொதி ஒன்று செல்லுக்குள் உண்டு. மருந்து நடுவே இருப்பதால் அது வெட்டியதோடு நின்றுவிடும், ஒட்ட முடியாது. புற்றுச் செல் சாவது பெரும்பாலும் இப்படித்தான். இந்த நுழைவை 1961-இல் லியோனார்டு லெர்மன் முதலில் எடுத்துச் சொன்னபோது அவர் கையில் இருந்தவை அக்ரிடின் சாயங்கள்.

என் அக்காவுக்குத் திருவனந்தபுரத்தில் இந்த மருந்தை ஏற்றினார்கள். ரோஸ்மில்க் போலச் சிவந்த மருந்து. ஒன்றிரண்டு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டாள், “இது உள்ள போயி எங்க போய் ஒக்காரும் மக்கா?” வேதியியல் வாத்தியார் நான். ஆங்கிலச் சொல் நாக்கு நுனியில் நின்றது, தமிழில் ஒன்றும் வரவில்லை. “சும்மா கண்ண மூடிட்டுப் படு” என்றேன். இந்த இழையில் நான் இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் அந்த நாள்தான்.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

> ‘இடைச்செருகல்’ இருக்கிறதே, ஏன் புதிதாகத் தேடுகிறோம்?

நாகர்கோவில் அண்ணாச்சி, எல்லார் வாயிலும் முதலில் வருவது அதுதான். எனக்கும் அப்படித்தான். ஆனால் தமிழ் படித்தவர்களுக்கு இடைச்செருகல் என்றால் பழம்பாட்டில் பின்னால் எவரோ நுழைத்த கள்ளப்பாட்டு. பதிப்பாசிரியர் கண்டுபிடித்து நீக்க வேண்டிய சரக்கு. லித்தியம் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அது போய் உட்காருவதற்காகவே கிராஃபைட்டை வைத்திருக்கிறோம்.

அதைவிடப் பெரிய சிக்கல், மேல்நிலை வேதியியலில் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை கொடுத்தாகிவிட்டது. உலோக அணுக்களுக்கு இடையிலுள்ள சின்னச் சின்ன வெற்றிடங்களில் கார்பனோ ஹைட்ரஜனோ அடைபட்டிருப்பதை இடைச்செருகல் சேர்மம் என்றுதான் பிளஸ் டூ பிள்ளைகள் படிக்கிறார்கள். டீச்சர் வகுப்பில் இரண்டையும் ஒரே பெயரில் சொன்னால் பரீட்சைத் தாளில் என்ன வரும் என்று அவருக்கே தெரியும்.

இன்னொன்று, செருகு என்றால் செருகுவதற்கு ஒரு கை வேண்டும். அரிவாளை இறவாணத்தில் செருகுவோம், பூவைக் கொண்டையில் செருகுவோம். அரிவாள் தானாகப் போய்ச் செருகிக்கொள்ளாது. மருந்து மூலக்கூறு தானாகத்தான் போகிறது.

> இண்டர்கலேஷன் என்றே எழுதினால் என்ன குறை? லித்தியத்தைத் தமிழாக்கினோமா?

குளச்சல் தம்பி கேட்டது நியாயம். லித்தியம், கிராஃபைட், டாக்ஸோரூபிசின் எல்லாம் பொருளின் பெயர், வந்தபடியே இருக்கட்டும். இது ஒரு செயல். செயலுக்கு வினை வேண்டும். வினையிலிருந்து போனது, போகிற, போகாமல், போகவிட்டு என்று கிளை பிரிய வேண்டும். “இண்டர்கலேஷன் ஆகாத லித்தியம்” என்று இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள் தம்பி, கை நோகும். ஆங்கிலச் சொல்லும் வேதியியலில் பிறந்ததில்லை. ரோமானியர்கள் நாள்காட்டியில் கூடுதல் நாளையோ மாதத்தையோ நடுவில் சேர்த்து அறிவித்ததிலிருந்து எடுத்தது. அவர்களும் வேறு வீட்டுச் சொல்லைத்தான் இழுத்து வந்தார்கள்.

> அடுக்கிடைப்புகல்

பொருள் கச்சிதம். ஆனால் மூச்சு வாங்குகிறது. அடுக்கு என்று சொல்லிவிட்டால் நாளைக்கு மாட்டிக்கொள்வோம். மின்சார வண்டிகளில் இப்போது நிறைய வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் அடுக்கே கிடையாது, லித்தியம் நீளமான சுரங்கவழிகளில் ஒரே திசையில் போய் வருகிறது. கறாரான ஆட்கள் அதை வேறு பெயரில் சொல்வார்கள் என்பது தெரியும். ஆனால் ஆய்வுக் கட்டுரைகளே இரண்டையும் கலந்துதான் எழுதுகின்றன. அந்த வாசலை நாம் ஏன் அடைக்க வேண்டும்?

> ஊடுபுகல்

மார்த்தாண்டம் அண்ணன் சொன்ன இதுதான் எனக்கு வழி காட்டியது. ‘ஊடு’ நல்ல வேர். டீச்சர் ஊரில் இளரப்பருக்கு நடுவே கைதச்சக்கை (அன்னாசி) போடுகிறார்களே, அது ஊடுபயிர். வேளாண்மை ஆபீசர்கள் எழுதிய சொல், இன்றைக்கு வயக்காட்டில் நிற்பவரும் சொல்கிறார். ரப்பர் வளர்ந்து நிழல் விழுந்ததும் சக்கையை எடுத்துவிடுவார்கள், ரப்பருக்கு ஒன்றும் ஆகாது. நமக்கு வேண்டிய பொருள் அதுதான்: வந்தவர் போனாலும் வீடு அப்படியே நிற்க வேண்டும். தறியிலும் ஊடு உண்டு, பாவுக்குக் குறுக்கே ஓடும் நூல். ஆனால் அந்த நூலை உருவினால் துணியே போய்விடும். ஆகவே தறியை உவமையாக இழுக்காமல் தோட்டத்தோடு நிற்போம்.

‘புகல்’தான் உதைக்கிறது. புகல் என்றால் அடைக்கலம் என்றும் பொருள். எதிர்ச்சொல்லும் வரவில்லை. ஊடுவெளியேறலா? வாயில் நிற்காது.

என் சொல்: ஊடேறு. ஊடேற்றம். எதிர்ச்சொல் ஊடிறங்கு, ஊடிறக்கம்.

அச்சு புதிது இல்லை. ஈடேறு, ஈடேற்றம் என்று வெகுநாளாகப் புழங்குகிறோம். அதே அச்சில் வார்த்தால் ஊடேறு தன்வினை, ஊடேற்று பிறவினை, ஊடேற்றம் பெயர். ஊடேறிய கிராஃபைட், ஊடேற்றச் சேர்மம், ஊடேறாத லித்தியம், எதையும் முட்டில்லாமல் எழுதலாம். சார்ஜ் ஏறுது, சார்ஜ் இறங்கிட்டு என்று ஊரே சொல்கிறது. மின்னேற்றம், மின்னிறக்கம் பாடப்புத்தகத்திலும் உண்டு. பக்கத்தில் இன்னொரு சோடி வந்து நின்றால் அந்நியமாகத் தெரியாது.

இங்கே ஒரு குழி இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். மின்னேற்றத்தின்போது கிராஃபைட்டில் ஊடேற்றம் நடக்கிறது, மின்கலத்தின் எதிர் முனையிலுள்ள கோபால்ட் ஆக்சைடில் அதே நேரம் ஊடிறக்கம். பிள்ளைகள் குழம்புமா? குழம்பாது என்றுதான் நினைக்கிறேன். வடசேரி ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கினால்தானே அடுத்த பஸ்ஸில் ஏற முடியும். 2019 வேதியியல் நோபல் கிடைத்த மூவரின் வேலையும் இந்த இரண்டு பஸ்தான். விட்டிங்காம் 1970-களில் டைட்டானியம் டைசல்ஃபைடில் ஏற்றி இறக்கிக் காட்டினார், குடேனஃப் குழு 1980-இல் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டுவந்தது, யோஷினோ 1985-இல் எதிரே ஒரு கரியை நிறுத்திக் கலத்தை முழுமையாக்கினார். 1991-இல் சோனி கடைக்குக் கொண்டுவந்தது. 97 வயதான குடேனஃபுக்காக ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவர் நம் தென்மாவட்டத்துக்காரர், ஆறுமுகம் மந்திரம். இது விவாதத்துக்குத் தேவையில்லைதான், சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நல்ல சொல் எங்கே பொருந்தாது என்பதையும் காட்ட வேண்டும். சோதனையாக ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“குளிரில் வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் ஊடேற நேரமில்லாமல் கிராஃபைட்டின் மேலேயே உலோகமாகப் படிகிறது. படிந்தது முள்முள்ளாக வளர்ந்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டுவிட்டால் கலம் தீப்பிடிக்கலாம். கிராஃபைட்டுக்குப் பதில் சிலிக்கான் வைத்தால் கொள்ளளவு பல மடங்கு கூடும். ஆனால் அங்கே நடப்பது ஊடேற்றம் இல்லை, லித்தியமும் சிலிக்கானும் உலோகக் கலவையாகவே மாறுகின்றன. சிலிக்கான் மூன்று மடங்குக்கு மேல் உப்பி நொறுங்குகிறது. சோடியம் அயனி கிராஃபைட்டில் சரியாக ஊடேறாது. அதற்குத் தாள்கள் ஒழுங்கில்லாமல் கிடக்கும் வன்கரி வேண்டும்.”

ஹார்டு கார்பனுக்கு வன்கரி என்று போகிற போக்கில் இன்னொன்றையும் நுழைத்துவிட்டேன், அதற்குத் தனி இழை வையுங்கள். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து வன்கரி செய்து சோடியம் மின்கலத்தில் போட்டுப் பார்த்த ஆய்வுகள் நிறைய வந்திருக்கின்றன. நம் மாவட்டத்தில் சிரட்டைக்கா பஞ்சம்? அந்தக் கரியில் சோடியம் கொஞ்சம் தாள்களுக்கு நடுவே ஊடேறுகிறது, கொஞ்சம் நுண்துளைகளில் போய் நிறைகிறது. எது எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். ஊடேற்றம், துளைநிறைவு என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் அந்தச் சண்டையை நாமும் தமிழிலேயே பின்தொடரலாம்.

நேற்று இந்தச் சொல்லை அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். இப்போது நன்றாக இருக்கிறாள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வருகிறாள். ஏணிப்படம் வரைந்து, “ரெண்டு படிக்கு நடுவுல மருந்து ஊடேறி ஒக்காருது” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஊடால போய் ஏறிக்கிடுதுன்னு சொல்லு, அதுக்கு எதுக்குப் புதுசா ஒரு பேரு” என்றாள். எனக்கு அது பாஸ் மார்க்தான். ஊடால என்று வாயில் புழங்கும்வரை ஊடேற்றத்துக்கு விளக்கம் தேவைப்படாது.

அகத்திணை ஆட்கள் ‘ஊடல்’ என்று கேலி செய்வீர்கள், தெரியும். செய்துகொள்ளுங்கள்.

கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. புதன் இரவுக்குள் யாரும் மறுக்காவிட்டால் ஊடேற்றம் என்று ஏற்றிவிடுகிறேன். ஊடிறக்கத்தில்தான் எனக்கே முழுத் திருப்தி இல்லை. டி.என்.ஏ.விலிருந்து மருந்து வெளியே வருவதை ‘இறக்கம்’ என்றால் கொஞ்சம் இடிக்கிறது. ஊடகல்வு என்று ஒன்று தோன்றியது, ஆனால் ஊடகம் என்று படித்துவிடுவார்களோ என்று பயம். டீச்சர், நீங்கள் வகுப்பில் இரண்டையும் போர்டில் எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்களேன்.

பி.கு.: போனில் தட்டினால் ‘ஊடேற்றம்’ தானாக ‘ஈடேற்றம்’ ஆகிவிடுகிறது. இந்த மடலிலேயே நாலு இடத்தில் திருத்தினேன். எங்காவது லித்தியம் ஈடேறியிருந்தால் மன்னிக்கவும்.