சேதன இரசாயனத்துக்குத் தனி வகுப்பு

கேள்வி (கோண்டாவில்):
உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கும் என் மகள், நிரம்பி வழியும் ரியூசன் கொட்டிலில் சேதன இரசாயனப் பொறிமுறைகள் (தாக்கங்கள் படிப்படியாக நடக்கும் விதம்) விளங்கவில்லை என்றும், எழுந்து கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றும் சொல்கிறாள். தனியாகக் கற்பிப்பவரை எப்படித் தெரிவு செய்வது?

பதில் 1 (திருநெல்வேலி):
முதல் நாளிலேயே புரொப்பீனுடன் ஐதரசன் புரோமைட்டு தாக்கமுறுவதை மகளைக் கொண்டே எழுதுவியுங்கள். இலத்திரன்கள் நகரும் திசையைக் காட்டும் வளைந்த அம்புக்குறி இரட்டைப் பிணைப்பிலிருந்து ஐதரசனை நோக்கிச் செல்ல வேண்டும்; பல பிள்ளைகள் அதை மறுபுறமாகவே வரைகிறார்கள். இடையில் உருவாகும் நேரேற்ற அயன்களில், வழி காபோகற்றயன் (நேரேற்றக் காபனுடன் இரு காபன்கள் இணைந்தது) முதல் காபோகற்றயனைவிட (ஒரு காபன் மட்டும் இணைந்தது) உறுதியானது என்பதாலேயே 2-புரோமோபுரொப்பேன் பிரதான விளைவாகிறது என்று அவளாகச் சொல்லும்வரை பொறுத்திருப்பவரே நல்ல ஆசிரியர். குறிப்புக் கட்டைக் கொடுத்து மனனம் செய்யச் சொல்பவரைத் தவிருங்கள்.

பதில் 2 (நல்லூர்):
பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்கும் மாணவி ஒருத்தி எங்கள் தங்கைக்கு வாரம் இருமுறை வீட்டுக்கு வந்து கற்பித்தார். புதுப் பாடம் எதுவும் நடத்தாமல், கடந்தகால வினாத்தாளில் தங்கை பிழைவிட்ட மாற்றீட்டு வினாக்களை (ஒரு சேர்வையை இன்னொன்றாக மாற்றும் வினாக்கள்) மட்டுமே எடுத்தார். (திருவிழா நாட்களில் இருவருமே வகுப்பைக் கட் அடித்தது வேறு கதை.)

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நேற்றிரவு வரையச் சொன்னேன். அம்புக்குறி மறுபுறமாகவே வந்தது.