நில்லு தம்பி, காத்தடிக்கட்டும்

செம்மண்காரன்:
2010 ஐப்பசியில் புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில் ஊர்ப் பக்கம் ஒரு காட்டில் மர நடவுக்கு உதவப் போய் ஒரு மாதம் தங்கினேன். நாற்றும் கடப்பாரையும் கொடுப்பார்கள் என்று பார்த்தால் முதல் வாரம் முழுக்க மண்வெட்டிதான். வரப்பு போடும் வேலை. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு முழுக்க மழை அரித்த செம்மண் பள்ளங்கள். பெய்த தண்ணீர் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு கடலுக்குப் போய்விடும். அதை நிறுத்தாமல் நட்டு என்ன பிரயோஜனம்?

அப்புறம்தான் நாற்று. வீரை, காயா, கருங்காலி, உலக்கைப்பாலை, எல்லாமே இந்தக் கரையோரக் காட்டின் சொந்த மரங்கள். கூட வேலை செய்த அக்கா முழங்கால்கூட எட்டாத ஒரு வீரையைக் காட்டி, "இது வச்சு மூணு வருசம்" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தலைக்கு மேலே கத்திச்சவுக்கு நெடுநெடுவென்று நிற்கிறது. ஆஸ்திரேலியா மரம், நிழலுக்கும் சருகுக்கும் என்று முதலில் வைத்தது. "இதையே வச்சுட்டுப் போயிருக்கலாமே அக்கா?"

"நில்லு தம்பி, காத்தடிக்கட்டும்."

2011 டிசம்பர் 30, தானே புயல். ஒரு வாரம் கழித்துப் போனேன். கத்திச்சவுக்கு வேரோடு சாய்ந்தும் பாதியில் முறிந்தும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது. உள்ளே போகும் தடமே தெரியவில்லை. ஒரு கிளையை அறுத்து இழுத்தால் அடியில் அந்த வீரை, ஒரு பக்கமாகச் சாய்ந்து, இலைகூட உதிராமல். நசுங்கிப் போனவையும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அரிவாளைக் கையில் கொடுத்தார்.

ஐயனார் ஊர்க்காரன்:
அண்ணே, நீங்கள் சொன்ன மரங்களை அந்தப் பக்கத்துப் புத்துப்பட்டு ஊர் ஐயனார் கோயில் காட்டில் போய்ப் பாருங்கள். யாரும் நட்டதில்லை. சாமி மரம் என்று வெட்டாமல் விட்டதுதான். விழுந்த சுள்ளியைக்கூட எங்கள் ஆயா வீட்டுக்குள் சேர்க்காது.

எனக்கு வாத்தியார் ஒரு மரநாய். நேரில் பார்த்தது இல்லை. ஆனி மாதம் எங்கள் கொல்லை வரப்பில் அதன் எச்சம் கிடந்தது. குச்சியால் கிளறினால் உள்ளே பளபளவென்று உலக்கைப்பாலை விதைகள். பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறது. கழுவித் தொட்டியில் போட்டேன், நான்கு முளைத்தது. ஒன்றை ஆடு மேய்ந்துவிட்டது. எங்கள் ஆடுதான், யாரைக் குறை சொல்ல? மிச்சம் மூன்றுக்கும் முள் வெட்டி வேலி கட்டியிருக்கிறேன்.