மழையில் நனைந்த சவுக்குப் பட்டையைப் பிழிந்து பாய்லருக்கு அனுப்ப இயந்திரம் வாங்கலாமா?

கேள்வி – குறிஞ்சிப்பாடி மரக்கிடங்கு

அனைவருக்கும் வணக்கம். குறிஞ்சிப்பாடிக்குக் கிழக்கே, சவுக்குக் கட்டையையும் தைலமரக் கட்டையையும் பட்டை உரித்துக் காகித ஆலைக்கு அனுப்பும் சிறிய கிடங்கு ஒன்றை நடத்தி வருகிறேன். நாளொன்றுக்கு 30 டன் கட்டை வந்தால் 3 முதல் 4 டன் வரை பட்டை விழுகிறது. அதை வில்லியனூர்ப் பக்கத்தில் உள்ள ஓர் அரிசி ஆலை தன் பாய்லருக்கு எடுத்துக்கொள்கிறது. மாசியிலிருந்து ஆவணி வரை எந்தச் சிக்கலும் இல்லை. களத்தில் நான்கு நாள் கிடந்தாலே பட்டை சுருண்டு நொறுங்கும் அளவுக்குக் காய்ந்துவிடுகிறது. ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் குவியல் முழுவதும் ஊறிப்போகிறது. சென்ற கார்த்திகையில் இரண்டு லோடுகளை, "தண்ணீருக்கா வண்டி வாடகை கொடுப்பது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மாதங்களில் அவர்கள் பண்ருட்டியிலிருந்து முந்திரித் தோடு வாங்கி எரித்துக்கொள்கிறார்கள். என் பட்டையோ தை வரை கிடந்து மட்குகிறது.

இப்போது ஒரு தரகர், தென்னை நார்க்கழிவைப் பிழியப் பயன்பட்ட பழைய ஸ்குரூ பிரஸ் (திருகால் தள்ளிப் பிழியும் இயந்திரம்) ஒன்று விலைக்கு இருப்பதாகச் சொல்கிறார். அதில் மரப்பட்டையைப் போட்டுப் பிழியலாமா, பிழிந்தால் எந்த அளவுக்கு ஈரம் இறங்கும், வெளியேறும் தண்ணீரை என்ன செய்வது என்பவற்றை, இந்தத் துறையில் பழகியவர்கள் விளக்கினால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பு யோசித்து முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

பதில் – நெல்லிக்குப்பம், ஓய்வுபெற்ற பாய்லர் பணியாளர்

ஐயா, சர்க்கரை ஆலைப் பாய்லரில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் பலரும் இயந்திரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கணக்கைப் பார்க்கிறார்கள்.

முழுவதும் காய்ந்த பட்டையில் கிலோவுக்கு ஏறத்தாழ 4,400 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு கிலோ தண்ணீரும் ஆவியாகிப் புகைபோக்கி வழியே வெளியேற ஏறத்தாழ 580 கிலோ கலோரியை எடுத்துக்கொள்ளும். மழையில் ஊறிய 1,000 கிலோ பட்டையில் ஈரம் 60 விழுக்காடு என்றால், 400 கிலோதான் எரியும் பொருள், மீதி 600 கிலோ தண்ணீர். அதிலிருந்து கிடைக்கும் நிகர வெப்பம் 14 லட்சத்து 12 ஆயிரம் கிலோ கலோரி. இதையே பிழிந்து ஈரத்தை 50 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தால் 200 கிலோ தண்ணீர் போய் 800 கிலோ பட்டை மிஞ்சும். நிகர வெப்பம் 15 லட்சத்து 28 ஆயிரம். அதாவது கூடுதலாகக் கிடைப்பது சுமார் 8 விழுக்காடு மட்டுமே. பிழிந்ததும் வெப்பம் இரட்டிப்பாகிவிடும் என்று தரகர் சொல்லியிருந்தால் அதை நம்ப வேண்டாம்.

ஆனாலும் இந்த 8 விழுக்காட்டோடு கணக்கை மூடிவிடக் கூடாது. அறுபதைத் தாண்டிய ஈரத்தில் உலையின் வெப்பம் இறங்கி, தீ மங்கி, கிரேட்டின் (உலைக்குள் எரிபொருளைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின்) மேல் பட்டை கரியாகாமல் புகைந்துகொண்டே கிடக்கும். நீராவி அழுத்தம் நிற்காது. தீயை எழுப்ப ஆள் காய்ந்த விறகைத் தேடி ஓடுவார். ஐம்பதில் அதே பட்டை தானாக நின்று எரியும். கரும்புச் சக்கை கடைசிப் பிழி உருளைகளைத் தாண்டி வரும்போது அதன் ஈரம் ஏறத்தாழ 50 விழுக்காடுதான். அதை அப்படியே எரித்துத்தான் சர்க்கரை ஆலைகள் ஓடுகின்றன. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலும் தோண்டி எடுக்கும்போது பாதிக்குப் பாதி நீர்தான். ஆனால் அந்த உலைகள் அந்த ஈரத்துக்கென்றே கட்டப்பட்டவை. சூடான காற்று, உயரமான உலையறை எல்லாம் அவற்றுக்கு உண்டு. உங்கள் வாடிக்கையாளரின் பாய்லர் உமிக்காகக் கட்டப்பட்டதாக இருக்கும். உமியின் ஈரம் பத்து விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஐம்பது விழுக்காட்டுப் பட்டையைக் கொடுத்தால் எடுத்துக்கொள்வாரா என்று முதலில் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மரத்தில் தண்ணீர் இரண்டு விதமாகத் தங்குகிறது. செல்களின் உட்குழியிலும் நார்களுக்கு இடையிலும் நிற்கும் தண்ணீர் ஒன்று. செல் சுவரோடு ஒட்டிக்கொண்ட தண்ணீர் மற்றொன்று. அழுத்தத்துக்கு அசைவது முன்னதுதான். பின்னதை எத்தனை டன் வைத்து அழுத்தினாலும் எடுக்க முடியாது. வெயிலோ சூடான புகையோதான் எடுக்கும். ஆகவே எந்த பிரஸ்ஸாக இருந்தாலும் நடைமுறையில் ஐம்பதை ஒட்டி நின்றுவிடும். உங்கள் பட்டையைக் கையில் எடுத்து முறுக்கிப் பாருங்கள். தண்ணீர் சொட்டினால் பிரஸ்ஸுக்கு வேலை இருக்கிறது; வெறுமனே ஈரமாக இருந்தால் இல்லை.

பதில் – தட்டாஞ்சாவடி, இயந்திரப் பட்டறை

நெல்லிக்குப்பம் ஐயா சொன்ன கணக்கில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இயந்திரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நார்க்கழிவு பிரஸ்களைப் பழுது பார்த்திருக்கிறேன்.

பட்டை பிரஸ் என்பது குளிர்நாடுகளில் வளர்ந்த இயந்திரம். ஃபின்லாந்து, சுவீடன், கனடா போன்ற இடங்களில் ஒரு காலத்தில் மரத்தை ஆற்றில் மிதக்கவிட்டு ஆலைக்குக் கொண்டுவந்து, தண்ணீர் ஓடும் பெரிய உருளைக்குள் போட்டு உருட்டிப் பட்டை உரிப்பார்கள். அதனால் பட்டை ஈரம் சொட்டச் சொட்ட வெளிவரும். பிழியாமல் எரிக்க வழியே இல்லை. 1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது கழிவுப் பட்டையை எரிபொருளாக்கும் அக்கறை இன்னும் கூடியது. பின்னாளில் கழிவுநீரைக் குறைப்பதற்காக, தண்ணீர் விடாமல் உரிக்கும் முறைக்கே அந்த ஆலைகள் பெரும்பாலும் மாறிவிட்டன. அங்கே பட்டையை நனைத்தது உரிக்கும் முறை, நம் ஊரில் நனைப்பது மழை. எது நனைக்கிறதோ அதைத் தடுக்க முடியுமா என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அந்த நாட்டு பிரஸ்களில் பல வகை உண்டு. துளையிட்ட அறைக்குள் பட்டையைத் தள்ளி ஹைட்ராலிக் உருளையால் அழுத்துவது ஒன்று. துளையுள்ள பெரிய உருளைக்கும் மற்றோர் உருளைக்கும் இடையே கரும்பைப்போல் கொடுத்து நசுக்குவது ஒன்று. சாய்வாக வைத்த இரண்டு துளைத்தட்டுகள் சுழன்று ஒரு பக்கம் நெருங்கும்போது பிழிவது மற்றொன்று. உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் ஸ்குரூ பிரஸ், சல்லடைக் கூட்டுக்குள் திருகு சுழன்று பொருளை முன்னே தள்ள, வெளிவாயில் கூம்பு ஒன்று எதிர்த்து நிற்பதால் அழுத்தம் ஏறும் வகை.

நார்க்கழிவு பஞ்சுபோல் சன்னமானது. திருகுக்கு அது நோகாத வேலை. பட்டை அப்படிப்பட்டதன்று. தைலமரப் பட்டை நீள நீளமான நாராக உரிந்து வரும். அதை அப்படியே போட்டால் திருகின் தண்டில் தலைமுடி சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டு மோட்டார் நின்றுவிடும். முதலில் ஷ்ரெடரில் (துண்டாக்கும் இயந்திரத்தில்) போட்டு இரண்டு, மூன்று அங்குலத் துண்டாக்கியே ஆக வேண்டும். ஆக நீங்கள் வாங்கப்போவது ஓர் இயந்திரமன்று, இரண்டு. அதைவிடப் பெரிய தொல்லை மணல். உங்கள் பக்கத்துச் சவுக்குத் தோப்புகள் கடலோர மணலில் நிற்பவை, கட்டையைத் தரையில் இழுத்துக் கொண்டுவருகிறார்கள், பட்டையோ தரையில்தான் விழுகிறது. அந்த மணல் திருகின் விளிம்பை அரம்போல் தேய்த்துவிடும். விளிம்புக்கும் சல்லடைக்கும் இடைவெளி அகன்றுவிட்டால் பொருள் பின்னுக்கு நழுவும், பிழிவு இருக்காது, கரண்டு மட்டும் ஓடும். கடினப் பூச்சு வெல்டிங் போட்டுக் காலம் தள்ளலாம், ஆனால் சீசன் நடுவில் திருகைக் கழற்றி மாட்ட இரண்டு நாள் போய்விடும். இதே மணல்தான் உலைக்குள் போய் உருகிக் கட்டியாகி (கிளிங்கர்) கிரேட்டை அடைக்கிறது என்பதை ஐயாவும் ஒப்புக்கொள்வார்.

மற்றொரு செய்தி: பட்டையில் துவர்ப்புச் சத்து உண்டு. சாதாரண இரும்பு பட்டால் தண்ணீர் மை போலக் கறுக்கும், இரும்பும் அரிக்கும். சல்லடையாவது துருப்பிடிக்காத எஃகாக இருக்கிறதா என்று பாருங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் செலவில்லாத சோதனை ஒன்று செய்யலாம். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள கனமான இரும்புக் குழாயில் நிறையத் துளை போட்டு, துண்டாக்கிய பட்டையை எடை போட்டு உள்ளே அடைத்து, சட்டம் ஒன்றில் வைத்து 10 டன் லாரி ஜாக்கியால் அழுத்துங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 55 கிலோவுக்கு மேல் அழுத்தம் வரும். பிழிந்தபின் மறுபடி எடை போடுங்கள். ஜாக்கியை நீங்கள் நிமிடக்கணக்கில் நிறுத்தி வைக்கலாம், ஓடும் இயந்திரம் அவ்வளவு நேரம் கொடுக்காது. ஆகையால் ஜாக்கியில் வரும் விடையைவிட இயந்திரம் சற்றுக் குறைவாகவே பிழியும் என்று கொள்ளுங்கள்.

பதில் – பாகூர் விவசாயி

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் மீனவர்கள் பருத்தி வலை மட்காமலிருக்க மரப்பட்டையைக் காய்ச்சிய சாயத்தில் தோய்த்து எடுப்பார்கள். சவுக்குப் பட்டையும் அதற்குப் பயன்பட்டது. வலையை மட்கவிடாமல் காக்கும் அதே துவர்ப்புதான் பிழிந்த தண்ணீரிலும் இருக்கும். டன்னுக்கு 200 லிட்டர் என்றால் நான்கு டன்னுக்கு 800 லிட்டர். அதை வாய்க்காலில் விட்டால் கறுத்துப்போய், தண்ணீரில் உள்ள உயிர்வளியைத் தின்று, மீனை மிதக்கவைக்கும். குழி வெட்டி நிறுத்தலாம் என்று நினைத்தால், நீங்கள் பிழியப்போகும் மாதங்கள்தான் குழி நிரம்பி வழியும் மாதங்கள். 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்படி கழிவுநீரை வெளியே விட மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். உங்கள் கிடங்கு கடலூர் மாவட்டத்தில் இருப்பதால் தமிழ்நாட்டு வாரியத்திடம் போக வேண்டும். வில்லியனூர் ஆலையிலேயே பிழியலாம் என்று ஏற்பாடானால் புதுச்சேரியின் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் போக வேண்டும். இந்தப் பக்கம் வயலும் எல்லையும் பின்னிக் கிடப்பதால் சொல்லி வைக்கிறேன்.

மீண்டும் – குறிஞ்சிப்பாடி மரக்கிடங்கு

மூவருக்கும் நன்றி. தட்டாஞ்சாவடி அண்ணன் சொன்னபடி பக்கத்து வெல்டிங் கடையில் குழாய்க்குத் துளை போட்டுச் சோதனை செய்து பார்த்தேன். இப்போது மழை இல்லாததால், ஒரு மூட்டைப் பட்டையைத் துண்டாக்கி மூன்று நாள் தொட்டியில் ஊறவைத்து வடியவிட்டேன். ஒரு பங்கை 105 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்திப் பார்த்ததில் ஈரம் 63 விழுக்காடு இருந்தது. அதில் 1 கிலோவை ஜாக்கியில் அழுத்தி ஐந்து நிமிடம் நிறுத்தியபோது 790 கிராம் ஆனது. அதாவது ஈரம் 53 விழுக்காட்டுக்கு இறங்கியது. அன்று காலையில் உரித்த, மழை படாத பச்சைப் பட்டையில் ஈரம் 49 இருந்தது. அதை எவ்வளவு அழுத்தியும் கிலோவுக்கு 30 கிராம்தான் போனது.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது, பிரஸ் வாங்கிப் பிழிந்தாலும் நான் போய்ச் சேரும் இடம், நனையாத பச்சைப் பட்டை ஏற்கெனவே நிற்கும் இடத்தைக்கூட எட்டவில்லை என்பது. மழையை மேலே விழவிட்டு, பிறகு இயந்திரம் வைத்து, கரண்டு கட்டி, கறுப்புத் தண்ணீருக்குக் குழி வெட்டி அதை எடுப்பதைவிட, மழை விழாமல் பார்த்துக்கொள்வதற்கே அந்தப் பணம் போகட்டும். ஆலைக்காரரிடமும் பேசினேன். ஐம்பதில் தனியாக எடுக்க முடியாது என்றும், நாற்பதுக்குக் கீழே வந்தால் உமியோடு கலந்து எரித்துக்கொள்வதாகவும் சொன்னார். பிரஸ் என்னை நாற்பதுக்குக் கொண்டுபோகாது. தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பக்கம் திறந்த தகரக் கொட்டகை ஒன்றை ஐப்பசிக்கு முன்னால் போட எண்ணம். தரையை எப்படி அமைப்பது, குவியலை எவ்வளவு உயரம் வைக்கலாம் என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

பதில் – நெல்லிக்குப்பம், ஓய்வுபெற்ற பாய்லர் பணியாளர்

தரை சிமென்டாக இருக்கட்டும். மணல் தொல்லையும் அதோடு பாதி தீரும். ஓரமாகச் சிறிய வடிகால் விட்டு, நூறு அடிக்கு ஓரடி என்ற அளவில் சரிவு கொடுங்கள். கூரையை மேற்கும் கிழக்கும் நன்றாக நீட்டிப் போடுங்கள், கார்த்திகைச் சாரல் கிழக்கிலிருந்துதான் உள்ளே அடிக்கும். குவியலை ஆள் உயரத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். பச்சைப் பட்டையை உயரமாக அமுக்கி வைத்தால் உள்ளே நொதித்துச் சூடேறி, காற்றோட்டம் இல்லாத இடத்தில் தானாகவே தீப்பிடிக்கவும் கூடும். டிராக்டர் குவியலின் மேல் ஏறி இறங்கவும் விடாதீர்கள். வாரம் ஒருமுறை புரட்டிவிட்டு, முதலில் வந்ததை முதலில் அனுப்பி வாருங்கள். மழைக்காலக் காற்றில் நாற்பது வருமா என்பது அந்தந்த வாரத்து வெயிலைப் பொறுத்தது. அடுப்புச் சோதனையை லோடு ஏற்றும் முன் செய்து, அந்த எண்ணைச் சீட்டில் எழுதி வண்டியோடு அனுப்புங்கள்.