புதுப்பிப்பு: விதைப்பை வலி, இப்போது எப்படி இருக்கிறது

இடது விதையில் வந்து வந்து போகும் வலி, ஸ்கேனும் சிறுநீர்ப் பரிசோதனையும் நார்மல், காரணம் தெரியவில்லை என்று போன ஆடியில் எழுதியிருந்தேன்.

அப்புறம் தஞ்சாவூரில் வேறொரு யூராலஜி டாக்டரைப் பார்த்தேன். இடுப்புத்தளத் தசை (சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்கும் தசை) இறுகிக் கிடக்கிறதாம். அந்தத் தசையை இறுக்கி இறுக்கி விடும் கெகல் பயிற்சி செய்தால் இறுக்கம் கூடத்தான் செய்யும் என்றார். யூடியூப் பார்த்து 2 மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்!

இப்போது வயிறு உப்ப மூச்சை இழுத்து விடும் பயிற்சி. இரவில் பிளாஸ்டிக் டப்பில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி 15 நிமிடம் உட்காருகிறேன். "மூலமா தம்பி?" என்று கேட்ட அம்மாவிடம் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கும்பகோணத்துக்குப் பைக்கை விட்டுவிட்டு பஸ்ஸில்தான் போகிறேன்.

வலி முழுசாகப் போகவில்லை. வாரத்தில் 5 நாள் இருந்தது, 2 நாளாகியிருக்கிறது.

திடீரென்று கடுமையாக வலித்து, வீங்கி, வாந்தியும் வந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்; வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.